விளையாட்டு வீரனை விலை மதித்தல்

கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கூடைப்பந்துப் பந்தயங்கள் முடிவுற்றதும், மாணவர் விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஆண்டுதோறும் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. "நம் குழுவில் ஆடும் இன்னான், ஊதியம் பெற்று ஆடும் பெருங்குழுக்களில் இடம்பெறத் தக்கவனா?" என்பதே அது. வினாவை எழுப்புவோர் விடையையும் உடன்கொண்டே வருகின்றனர். "இறுதிப் பந்தயத்தில் 25 புள்ளி எடுத்தானே, இன்னும் என்ன வேண்டும்?" என்பர்.

இவ்விடை போதாது என்பது நம் கருத்து. போதாமையோடு நில்லாது, சிற்சில வேளைகளில் ஓர் இளைஞனின் வாழ்க்கையையே இது மாற்றிவிடக் கூடும். பனமரத்துப்பட்டியிலிருந்தும் மல்லூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுட் பலர், அரளித் தோட்டத்துக் கூலியிலோ தறிக் கூலியிலோ படிக்க வைக்கப்படுபவர். அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவனிடம், "நீ பரீட்சையை விட்டொழி, உன்னை வாங்கிக்கொள்ளக் குழுக்கள் காத்திருக்கின்றன" என்று நண்பர் நால்வர் கைகொட்டிச் சொல்வது எளிது. அச்சொல் பொய்த்துப்போயின் நண்பர் நால்வரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவர். அவனும் அவன் தாய்தந்தையருமே எஞ்சுவர். ஆதலின் ஒரு வீரனை மதிப்பிடுவது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்தல் நம் கடமையாகின்றது.

கூடைப்பந்து நம்மனோர்க்குப் புதிய விளையாட்டன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கலாசாலை ஆசிரியராகிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பீச் பழக் கூடைகள் இரண்டைத் தரையினின்று 10 அடி உயரத்தில் அறைந்து இதனைத் தோற்றுவித்தார். சென்னையில் ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியில் பயின்றுவந்த ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கு இதனைக் கொண்டு சென்றனர். கூடைகள் போய் இரும்பு வளையங்கள் வந்தன. 10 அடி உயரம் மாத்திரம் இன்றளவும் மாறவில்லை.

குழுவொன்றுக்கு ஐவர். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுபவர் ஒருவகையினர். வளையத்தின் கீழே காவல் நிற்கும் நெட்டையர் மற்றொரு வகையினர். இவ்விருவகையினர்க்கும் இடையே, ஆடுகளத்தின் இரு பக்கங்களையும் தமக்கு இடமாகக் கொண்டு ஆடுபவரை 'விங்' என்று மைதானத்தில் வழங்குகின்றனர். நாம் ஈண்டுப் பக்கவீரர் என்போம். இவர் வேலைக்கு எல்லை வகுத்தல் அரிது. குள்ளமான விரைவோனையும் இவரே மறிக்கவேண்டும். பருத்த நெட்டையனையும் இவரே தடுக்கவேண்டும். மூலையில் வெறுங்கையோடு காத்து நின்று, பந்து வந்த கணத்திலே எறியவும் வேண்டும். வீட்டில் நடுப்பிள்ளைக்கு எல்லா வேலையும் வந்து சேருவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆதலினாலேயே இவரை மதிப்பிடுதல் ஏனையோரை மதிப்பிடுதலினும் கடினமாகின்றது. நெட்டையனை அளவுகோல் கொண்டு ஒருவாறு அளந்துவிடலாம். பக்கவீரனை அங்ஙனம் அளத்தற்கில்லை.

அளக்க முயல்வோர் இல்லாமலில்லை. அமெரிக்காவில் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைச் சங்கம் ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' என்ற பெயரால் ஒரு தெரிவு நடத்துகின்றது. கல்லூரிகளிலும் அயல்நாடுகளிலும் ஆடும் இளைஞருள், இரு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பேரைக் குழுக்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். தோற்ற குழுக்களுக்கு முன்னுரிமை வாய்க்கும் வண்ணம் திருவுளச்சீட்டும் உண்டு. தெரிவுக்குச் சில வாரங்கட்கு முன் சிகாகோ நகரில் இளைஞரை வரவழைத்து, காலணியின்றி உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி எட்டும் உயரம், குதிக்கும் உயரம் ஆகிய அனைத்தையும் அங்குல அணுக்களாக அளந்து குறிக்கின்றனர். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி எண்ணி, பின்னர்த் துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசும் தரகரை இது நினைவூட்டுகின்றதெனின் நம்மைக் குறைகூறற்க. தரகர் பெரும்பாலும் திறமையாளரே. ஆயினும் ஏரில் பூட்டிய பின்னரன்றி எருதின் குணம் தெரிவதில்லை.

இத்துணை அளவைகள் இருந்தும் அங்குள்ள வல்லுநர் எவ்வாறு இடறினர் என்பதற்குப் பக்கவீரர் இருவரின் வரலாறு போதும்.

முதல்வர் ஆடம் மாரிசன். கொன்சாகா சர்வகலாசாலைக்கு ஆடிய இவர் 2005–06 பருவத்தில் பந்தயம் ஒன்றுக்குச் சராசரி 28.1 புள்ளி எடுத்து அமெரிக்கக் கல்லூரி வீரர் அனைவரினும் முதன்மையுற்றார். 2006-ஆம் ஆண்டுத் தெரிவில் சார்லட் குழுவினர் இவரை மூன்றாமவராக எடுத்தனர். முதற் பருவத்திலே இவர் எறிந்த பந்துகளுள் நூற்றுக்கு 38-கூட வளையத்தில் விழவில்லை. எதிரியை மறிப்பதில் இவர் பின்தங்கியவர் என்பதும் வெளிப்பட்டது. 2007-இல் முழங்கால் தசைநார் அறுந்து ஒரு பருவம் முழுதும் வீணாயிற்று. 2010-க்குப் பின்னர் அச்சங்கத்தின் ஆடுகளத்தில் இவரைக் காண்டல் இல்லையாயிற்று. முழங்காலின்மேல் பழிபோட்டு அமைவாருமுளர். நாம் அங்ஙனம் கருதுகிலோம். காயத்துக்கு முந்திய பருவமே கதையை ஒருவாறு சொல்லிவிட்டது. கல்லூரியில் பந்து எப்போதும் இவர் கையிலிருந்தது. குழு முழுதும் இவர் எறிவதற்காகவே ஓடிற்று. தொழில்முறைக் குழுவில் பந்து இவரைத் தேடி வருவது குறைந்தது. பந்து இல்லாத வேளையில் செய்வதற்கு இவரிடம் தொழில் வேறு இருக்கவில்லை.

மற்றையவர் கவை லெனர்ட். சான் டியேகோ மாநிலச் சர்வகலாசாலையில் இரண்டாண்டு ஆடிய இவர் 2011-இல் பதினைந்தாமவராக எடுக்கப்பட்டு, அன்றிரவே சான் அன்டோனியோ குழுவுக்குக் கைமாற்றப்பட்டார். தமக்கு முன்னே பதினால்வரை எடுக்கக் கண்டும் வாய் திறவாத இயல்பினர். காலணியின்றி 6 அடி 6 அங்குல உயரமுடைய இவரின் விரித்த கைகள் 7 அடி 3 அங்குலம். விரித்த உள்ளங்கை 11 அங்குலத்துக்கும் மேல். இவ்வளவைகளை அனைவரும் அறிந்திருந்தும் பதினைந்தாம் இடம் வரை விட்டுவைத்ததற்குக் காரணம் ஒன்றே. தொலைவிலிருந்து எறியும் பந்து இவருக்குக் கைவரவில்லை என்றனர். கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் மூன்றுபுள்ளிக் கோட்டுக்கு வெளியேயிருந்து எறிந்தவற்றுள் நூற்றுக்கு 30-கூட விழவில்லை என்பது மெய்யே. அன்று கல்லூரிக் கோடு வளையத்திலிருந்து 20 அடி 9 அங்குலம். தொழில்முறைக் கோடோ உச்சியில் 23 அடி 9 அங்குலம். அருகிலிருந்தே விழாத பந்து மூன்றடி பின்னே சென்றால் விழுமோ என்று ஐயுற்றது இயல்பே.

விழுந்தது. முதற் பருவத்திலேயே நூற்றுக்கு 37-க்கும் மேல் விழுந்தது. குழுவிலிருந்த எறிதற் பயிற்சியாளர் சிப் எங்கலண்டு என்பார், இவர் பந்தை விடுக்கும் நிலையைச் சிறிது திருத்தினார். திருத்தத்தை ஏற்கும் பொறுமை இவரிடம் இருந்தது. 2014-இல் இறுதிப் பந்தயங்களின் தலைசிறந்த வீரர் என்ற பட்டம் 22 வயதிலே இவரை அடைந்தது. 2019-இல் டொரண்டோ குழுவிலிருந்து மீண்டும் அதனைப் பெற்றார். 2015-இலும் 2016-இலும் மறித்தலில் தலைசிறந்தவர் என்ற பட்டமும் பெற்றார்.

இங்கே கணக்கொன்றைப் பார்த்தல் நலம். பந்தயத்துக்கு மூன்று பந்து தொலைவிலிருந்து எறியும் கல்லூரி வீரன், முப்பது முப்பத்தைந்து பந்தயம் கொண்ட பருவத்தில் ஏறத்தாழ நூறு பந்து எறிவான். முப்பது விழுந்தவனுக்கும் முப்பத்தேழு விழுந்தவனுக்கும் வேற்றுமை ஏழே பந்து. ஒரே கையாலே நூறு எறிந்தால் ஒருமுறை 30 விழும், மறுமுறை 38 விழும்; இதை வெயிலில் நின்று எறிந்து பார்த்தவர் எவரும் அறிவர். ஏழு பந்தைக் கொண்டு ஒருவனுக்குக் கையுண்டு, மற்றவனுக்குக் கையில்லை என்று தீர்ப்பளித்தல் நியாயமாகாது. இதனாலேயே அனுபவமிக்க தெரிவாளர், எவரும் மறிக்காத நிலையில் 15 அடியில் நின்று எறியும் 'ஃப்ரீ த்ரோ' எண்ணை உடன்வைத்துப் பார்க்கின்றனர். காற்றும் எதிரியும் அவசரமும் கலவாத எறி அஃது. கையின் இயல்பை அது கலப்பின்றிக் காட்டும். லெனர்டின் கல்லூரி 'ஃப்ரீ த்ரோ' நூற்றுக்கு 70-க்கும் மேல் இருந்தது. கோட்டுக்கு வெளியே விழாத கைதான்; எனினும் கெட்ட கையன்று என்பதை அவ்வெண் முன்னரே கூறிக்கொண்டிருந்தது.

நிற்க. நாம் வற்புறுத்த விரும்பும் கணக்கு இன்னும் எளியது. நாற்பது நிமிடப் பந்தயம், களத்தில் பதின்மர், பந்து ஒன்று. பதின்மரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும் ஒருவன் கையில் பந்து இருப்பது நான்கு நிமிடமே. எஞ்சிய முப்பத்தாறு நிமிடம் அவன் பந்தின்றி ஓடுகின்றான், நிற்கின்றான், மறிக்கின்றான், அன்றிச் சும்மா இருக்கின்றான். நாமோ அந்நான்கு நிமிடத்தைக் கண்டு கைதட்டி, முப்பத்தாறு நிமிடத்தைக் காணாது வீடு திரும்புகின்றோம். புள்ளிப் புத்தகமும் அந்நான்கு நிமிடத்தையே பெரிதும் எழுதுகின்றது. கல்லூரியில் அரசனாயிருந்தவன் பெருங்குழுவிற் புகும்போது நான்காம் ஐந்தாம் வேலைக்காரனாகவே புகுகின்றான். அங்கே அவனுக்குச் சோறு போடுவது அந்த முப்பத்தாறு நிமிடமே. ஜிம்மி பட்லர் என்பார் சிறு கல்லூரியொன்றில் ஓராண்டு ஆடிப் பின் மார்க்கெட் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது முதலாண்டில் பந்தயத்துக்கு ஆறு புள்ளிகூட எடுத்தாரில்லை. மறிப்பதும் ஓடுவதும் பந்தை வீணாக்காமையுமே அவரது மூலதனம். 2011-இல் முதற் சுற்றின் கடைசி ஆளாக, முப்பதாமவராக எடுக்கப்பட்டார். பின்னர் 2020-இலும் 2023-இலும் மயாமி குழுவை இறுதிப் பந்தயங்கட்கு இட்டுச் சென்றவர் இவரே.

"நம் நாட்டானை எவரும் எடுக்கவில்லையோ?" எனின், எடுத்தனர். பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரிற் பிறந்த சத்னம் சிங் என்பவரை 2015-ஆம் ஆண்டுத் தெரிவில் டாலஸ் குழுவினர் 52-ஆமவராக எடுத்தனர். அத்தெரிவில் இடம்பெற்ற முதல் இந்தியர் இவரே. உயரம் 7 அடி 2 அங்குலம், வயது 19. நாடெங்கும் மகிழ்ந்தோம்; மகிழ்ந்தது தவறன்று. ஆயினும் என்.பி.ஏ. பந்தயம் ஒன்றிலும் அவர் களமிறங்கவில்லை. டாலஸ் குழுவின் கிளைக்குழுவில் இரு பருவம் ஆடித் திரும்பினார். கூடைப்பந்து அவ்வாண்டுகளிலேதான் வளையத்தின் கீழ் நிற்கும் நெட்டையரை விட்டு, விரைந்து ஓடித் தொலைவிலிருந்து எறிபவர்பால் சாய்ந்துகொண்டிருந்தது. உயரம் அளந்தவர் காலத்தை அளக்கத் தவறினர் என்றே நாம் எண்ணுகின்றோம். அவ்விளைஞர் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை; பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு தேசத்தின் எதிர்பார்ப்பைத் தோளில் சுமப்பது இலேசன்று.

அமெரிக்கக் கதை போதும். நம் சேலத்துச் சமவெளிக்கு வருவோம். விளையாட்டு வேறாயினும், விலை மதிக்கப்பட்ட வீரர் ஒருவர் நம் மாவட்டத்திலேயே உளர். சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜனை அறியாதார் இப்பக்கத்தில் இலர். தந்தையார் தறித் தொழிலாளர். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். இருபது வயதளவும் டென்னிஸ் பந்திலேயே கிரிக்கெட் ஆடியவர். ஊரினர் ஜெயப்பிரகாஷ் என்பார் இவருடைய இடக்கையின் திறத்தைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2015-இல் ரஞ்சிப் பந்தயத்தில் முதன்முறை ஆடியபோதே, பந்து வீசும் முறை விதிக்கு மாறானதென ஐயுறப்பட்டு ஒதுங்கி நிற்க நேர்ந்தது. முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார்.

அதன்பின் அவ்விடக்கைக்கு ஏற்பட்ட விலைகளைக் காண்க. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையாயிருக்க, பஞ்சாபு குழுவினர் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தனர். அவ்வாண்டு ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்டு. 2018-இல் ஐதராபாத்துக் குழு 40 இலட்சத்துக்கு எடுத்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஓர் ஆட்டமும் தரவில்லை. 2020-இல் 16 ஆட்டம், 16 விக்கெட்டு. காலடியில் விழும் 'யார்க்கர்' பந்தை, மட்டையாளன் வெறிகொண்டு அடிக்கும் கடைசி ஓவர்களில், மீண்டும் மீண்டும் அதே இடத்தில் இட்டார். அவ்வாண்டு இறுதியில் வலைப் பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்றவர், டிசம்பர் 2-இல் ஒருநாள் பந்தயம், டிசம்பர் 4-இல் இருபது ஓவர்ப் பந்தயம், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் பந்தயம் என ஒரே பயணத்தில் மூவகையிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2022 ஏலத்தில் 4 கோடி. 2024 நவம்பரில் நிகழ்ந்த ஏலத்தில் டெல்லிக் குழு 10 கோடியே 75 இலட்சம். அதனை அடுத்த பருவத்தில் ஆடக் கிடைத்தவை மிகச் சில ஆட்டங்களே.

பனமரத்துப்பட்டி அரளித் தோட்டக்காரரைக் கேட்டால் இதில் வியப்பில்லை என்பர். ஆடிப் பண்டிகைக்கு முந்திய நாள் ஒரு விலை. பண்டிகை கழிந்த மறுநாள் சேலத்துப் பூ அங்காடியில் அள்ளுவாரின்றிக் கிடக்கும். பூ அதே பூ. ஏலத்தொகை என்பது அன்றைய தேவைக்கும் அன்றைய கையிருப்புக்கும் ஏற்பட்ட தொகை. 3 கோடி ஆனபோது நடராஜனின் கை பெரிதாகவில்லை. 40 இலட்சமானபோது சுருங்கவுமில்லை. ஆட்டமே தராது உட்கார வைத்த இரண்டாண்டும் அவர் யார்க்கரைப் பழகுதலை விடவில்லை என்பதே நாம் காணத்தக்கது. அந்த ஒன்றைக் கொண்டுதான் 2020-இல் வாயில் திறந்தது.

இனி நம் கல்லூரிகளை நோக்குவோம். இங்கே நாம் சற்றுக் கடிந்தே பேச வேண்டியிருக்கின்றது. மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ள மாணவன் சேர்ந்தால், அடுத்த நாளே அவனை வளையத்தின் கீழ் நிறுத்திவிடுகின்றனர். எதிர்க் குழுக்களில் ஐந்தடி எட்டங்குலத்தாரே மிகுதியாதலால் அவன் கைக்கு எட்டியதெல்லாம் புள்ளியாகின்றது. கோப்பை வருகின்றது, புகைப்படம் எடுக்கப்படுகின்றது, முதல்வர் அறையில் கண்ணாடிப் பெட்டி நிறைகின்றது. மூன்றாண்டும் அவன் இடக்கையால் பந்து தட்டக் கற்கவில்லை. தொலைவிலிருந்து எறியக் கற்கவில்லை. தன்னினும் விரைவானவனை மறிக்கக் கற்கவில்லை. மாநிலத் தெரிவுக்குச் சென்னை சென்றால் அங்கே வளையத்தின் கீழே ஆறடி எட்டங்குலத்தார் நிற்கின்றனர். "நீ பக்கவீரனாக ஆடவேண்டியவன் ஆயிற்றே, எறிந்து காட்டு" என்கின்றனர். இருபத்தொரு வயதில் அவன் முதல் வகுப்புப் பாடத்தைத் தொடங்கவேண்டியவனாகின்றான். அவனுடைய மூன்றாண்டை விற்றுக் கல்லூரிகள் கோப்பை வாங்கினவென்று சொன்னால் சினப்பாருண்டு. சினந்தபின் அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

எதிராளி யார் என்று கேளாமல் புள்ளியை எண்ணுவதும் இதனோடொத்த பிழையே. இருபத்திரண்டு வயது முதுகலை மாணவன் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கெதிரே எடுக்கும் 25 புள்ளியும், பதினெட்டு வயதினன் மூத்தோர்க்கெதிரே எடுக்கும் 12 புள்ளியும் வந்தால் நாம் பின்னவனையே எடுத்துக்கொள்வோம். கோவையிலும் பெரியகுளத்திலும் நடைபெறும் அகில இந்தியப் பந்தயங்களில் வங்கிக் குழுக்களுக்கும் இரயில்வே குழுக்களுக்கும் எதிரே ஒரு மாணவன் ஐந்து நிமிடம் நின்று பிடித்தானெனின், அவ்வைந்து நிமிடத்தை மண்டலப் பந்தயம் முழுவதினும் உயர்வாக எண்ணுதல் தகும்.

ஊதியம் பெற்று ஆடுவதென்பது நம் நாட்டில் யாது என்பதையும் மாணவர் தெளிவாக அறிதல் வேண்டும். 2015-இல் தோன்றிய யூ.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துப் பந்தயம் 2017-க்குப் பின் நடைபெறவில்லை. 2022-இல் ஐ.என்.பி.எல். என்பது தொடங்கிற்று. இவை தோன்றினும் மறையினும், தமிழ்நாட்டுக் கூடைப்பந்து வீரருக்கு நெடுங்காலமாக நிலையான சோறிட்டவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே முதலிய நிலையங்களின் குழுக்களே. அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கு நூற்றுக்கு 3 ஒதுக்கீடு உண்டு. நம் நாட்டு 'டிராஃப்ட்' என்பது இதுவே. தெரிவு மேடையில்லை, பேரொலியில்லை. ஓர் உத்தியோக உத்தரவுத்தாள் தபாலில் வரும். அதில் பட்டம் பெற்றவனுக்கு ஒரு பதவியும் பட்டமில்லாதவனுக்கு அதனினும் தாழ்ந்த பதவியும் இருப்பது வழக்கம் என்பதை நம் வீரர்கள் மறத்தலாகாது. முப்பத்தைந்து வயதில் முழங்கால் ஓய்ந்தபின் எஞ்சிய இருபத்தைந்து ஆண்டும் மேசையருகே அமர்ந்து வேலை பார்க்க வேண்டியவர் அவர்களே.

இவ்வழியிலே எத்துணை உயரம் செல்லலாம் என்பதற்குச் சென்னை அனிதா பால்துரை அம்மையாரே சான்று. பதினோராம் வயதளவில் கூடைப்பந்தைக் கையிலெடுத்து, தென்னக இரயில்வேயிற் பணிபுரிந்துகொண்டே, 2001 முதல் 2017 வரை ஆசிய மகளிர் பந்தயங்கள் ஒன்பதில் இந்தியாவுக்கு ஆடினார். 19 வயதில் இந்தியக் குழுவின் தலைவியானார். மகப்பேற்றுக்குப் பின்னரும் களம் திரும்பினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எந்த ஏலத்திலும் எவரும் இவருக்குக் கோடி கூறியதில்லை. நம் கல்லூரி மாணவியருட் கூடைப்பந்து ஆடுவோர் இவ்வரலாற்றைக் கேட்டறிதல் நன்று. மாணவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நம் விடுதி நண்பர்களும் கேட்டறியலாம்.

"இவ்வாறெல்லாம் அளந்து எண்ணிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைதான் துணிவான்? சின்னப்பம்பட்டி இளைஞர் கணக்குப் பார்த்தா புறப்பட்டார்?" என்று அன்பரொருவர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. துணிவு வேண்டாமென நாம் கூறவில்லை. அவ்விளைஞரின் திறத்தைக் கண்டு சொன்னவர், மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்டிவிட்டுப் போனவரல்லர். உடனழைத்துச் சென்று, செலவையும் சிரமத்தையும் ஏற்று, வீச்சு ஐயுறப்பட்ட காலத்திலும் கைவிடாது நின்றவர். அவ்விதம் நிற்பவர் வாயிலிருந்து வரும் மதிப்பீட்டை மாணவன் நம்பலாம். நிற்க மனமில்லாதார் "போ, உனக்கு இடமுண்டு" என்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போதலே முறை.

செய்யத்தக்கவை எளியனவே. புள்ளிப் புத்தகத்தினருகே இன்னொரு குறிப்பேடு வைத்து, களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவனிடம் எழுதுகோலைக் கொடுக்கலாம். பந்து இல்லாதபோது எத்தனை முறை இடம் மாறி ஓடினான், மறிக்கும்போது எத்தனை முறை எதிரியை நேரே எதிர்கொண்டான், எத்தனை முறை கடந்து செல்ல விட்டான், கைக்கு வந்த பந்தை எத்தனை முறை இழந்தான் என்று அவன் குறிக்கட்டும். மைதானத்தில் 22 அடி தொலைவில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று போடப்படட்டும். மழையில் அழிந்தால் மறுநாளே மீண்டும் போடப்படட்டும். நாள்தோறும் ஆட்டம் முடிந்து களைத்தபின் ஒவ்வொருவனும் ஐம்பது 'ஃப்ரீ த்ரோ' எறிந்து எண்ணை எழுதி வைக்கட்டும். களைத்த கைதான் மெய் பேசும். நெட்டையான முதலாண்டு மாணவனை வாரத்தில் இரு நாளேனும் வெளியே நிறுத்தி, பந்தைத் தட்டிக்கொண்டு வரச் சொல்லட்டும். அதனால் மண்டலக் கோப்பையொன்று நழுவினால் நழுவட்டும்.

பரீட்சையைப் பற்றி முதலில் சொன்னோம். நம் பட்ட வகுப்புப் பரீட்சைகள் ஏப்ரலில் நடைபெறுகின்றன. பெரியகுளத்துப் பந்தயம் பெரும்பாலும் மே மாதத்தில்.